"டார்கெட் யார்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்

1

சென்ற சனிக்கிழமை காலை, என் மகள் நிஷா சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து எனக்கு ஒரு புதிய கண்டுபிடிப்பை விளக்கினாள். மெல்பேர்னில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எனக்கு எதையாவது விளக்கும்போது மட்டும்தான் தமிழில் பேசுவாள். அதுவும் காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல, ஒவ்வொரு சொல்லாக.

"அம்மா, ஒரு ஆள்கிட்ட கார் இருக்கு. கார்ல மூணு சீட் சும்மா போகுது. மத்த ஸ்டூடன்ட்ஸ் வெப்சைட்ல பாத்துட்டு அதே கார்ல வரலாம். விளங்குதா?"

"விளங்குது."

"அதுக்கு மொதல்ல ஆட்களைப் பொறுக்குற இடம் வேணும்."

"ஏத்துற இடம்னு சொல்லு. பொறுக்கினா சண்டைக்கு வருவாங்க."

அவள் கண்களை உருட்டினாள். பிறகு தன் கஷ்டத்தைச் சொன்னாள். திட்டத்துக்காக மற்ற மாணவர்களிடம், 'நீங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள்' என்று கேட்க வேண்டும். அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்பதற்குக் கல்லூரியிடம் பதினான்கு பக்கப் படிவம் நிரப்பி அனுமதி பெற வேண்டுமாம். இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடமாகப் படிவம் நிரப்புகிறேன். குப்பைத் தொட்டி மாற்றுவதற்குக்கூட ஒரு படிவம் உண்டு. ஆனால் இந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'இத்திட்டத்தினால் பங்குபற்றுவோருக்கு மன உளைச்சல் ஏற்பட வாய்ப்புண்டா?' நிஷா யோசிக்காமல் 'இல்லை' என்று போட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"நானும் இதே வெப்சைட்ட பிளான் பண்ணியிருக்கேன். கண்டியில. ரெண்டாயிரத்துல."

"அப்ப அங்க கம்பியூட்டர் இருந்திச்சா?"

யானையும் இருந்தது, அது வேறு விஷயம். இனி எழுதுவது, அன்று நான் நிஷாவுக்குச் சொன்னது.

2

எங்கள் கணினிக் கல்லூரி கண்டி நகரில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. பன்னிரண்டு கணினிகள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இணையத் தொடர்பு. அது எங்கள் விரிவுரையாளர் சில்வா சேரின் அறையில், லேஸ் துணி போர்த்தி, சுவாமி படம் மாதிரி வைக்கப்பட்டிருந்தது. தொலைபேசி இணைப்பு சப்பாத்துக் கடையோடு பொது. கீழே யாராவது 'எட்டாம் நம்பர் சப்பாத்து வந்ததா?' என்று கேட்டு அழைத்தால் மேலே உலகத் தொடர்பு அறுந்துவிடும்.

சில்வா சேர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய பாடம் முழுவதும் ஓர் அமெரிக்கப் புத்தகத்திலிருந்து வந்தது. கடைசி வருடம் மூன்று மூன்று பேராகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இணையத்தளத்தைத் திட்டமிடச் சொன்னார். எங்களுக்கு விழுந்தது 'கல்லூரி மாணவர்களுக்கான கார்ப் பூலிங்'. செய்ய வேண்டியதில்லை, திட்டமிட்டால் போதும். செய்வதற்கு இணையம் எங்கே இருந்தது?

எங்கள் குழுவில் என்னோடு இரண்டு பேர். ரிஸ்வி, நகரத்துக்கு வெளியே கட்டுகஸ்தோட்டைக்காரன். அவனுடைய வாப்பாவுக்குச் சிறிய பேக்கரி இருந்தது. குகன், யாழ்ப்பாணம். தரைப்பாதை மூடியிருந்ததால் அங்கிருந்து கப்பலேறி, கொழும்பில் சில மாதம் இருந்து, ஏனோ கண்டிக்கு வந்து கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். வடக்கிலிருந்து வருகிறவர்கள் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருப்பான். என் பெயர் ரீட்டா. அப்பா தபால் கந்தோரில் கிளார்க். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கட்டுகஸ்தோட்டைதான்.

பூலிங் என்றால் என்னவென்று மூவருக்கும் தெரியாது.

"பூல் எண்டால் குளம்தானே? கார்க் குளம்?" என்றான் குகன்.

"பாலத்துக்குக் கீழ எல்லாரும் மகாவலியில காரைக் கழுவுறாங்களே, அதாயிருக்கும்," என்றான் ரிஸ்வி. "அதுக்கு எதுக்கு வெப்சைட்?"

மறுநாள் சேர் விளக்கியதும் கல்லூரி முழுக்கக் கணக்கெடுத்தோம். வாகனம் வைத்திருக்கும் மாணவர் எவருமில்லை. தெல்தோட்டையிலிருந்து வரும் மூன்று பெண்களும் விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள். புசல்லாவைப் பெண் ஒருத்தி, அண்ணன் தோட்டத்து டிரக்டர் ஓட்டுகிறார் என்று வெட்கத்தோடு சொன்னாள். டிரக்டரில் எத்தனை இருக்கை என்று குகன் உண்மையாகவே எழுதிக்கொண்டான். மிஞ்சியது ரிஸ்வி வீட்டில் பாண், அதாவது பேக்கரி ரொட்டி, ஏற்றும் வேன்.

"வாப்பாட வேன் ஈக்கு. காலையில பாண் போட்டுட்டு வந்தா பொறகு சும்மாதான்," என்றான் ரிஸ்வி. "ஆனா சீட் இல்ல. பாண் தட்டுல இருக்கணும்."

3

சிரித்துக்கொண்டே தொடங்கினாலும், சில நாளில் மூவருக்கும் இதில் ஒரு வெறி பிடித்துவிட்டது. காரணம் பஸ்.

போர்க்காலம். பஸ்ஸில் குண்டு வைக்கும் காலம் அது. அப்பா தினமும் காலையில் எனக்கு ஆலோசனை சொல்வார். ஒரு நாள், "பின் சீட்டுல ஒக்காராத, அங்கதான் வைப்பாங்க" என்பார். அடுத்த நாள், "முன் சீட்டு வேணாம், புள்ள." நடுவில் நின்றுகொண்டு வந்தால், ஏன் கால் வலிக்கிறது என்று கேட்பார். அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழருக்கு எதிரான இரண்டு கலவரங்களை ஒரே கட்டிலுக்கு அடியில் கழித்தவர் அவர். அது பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் கட்டில். அந்தக் கட்டில்மேல் அவருக்கு இருந்த மரியாதைக்கு இணை, எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த மாதா சிலைமேல் இருந்த மரியாதை மட்டும்தான்.

ஆக, தெரிந்தவர்களோடு தெரிந்த வாகனத்தில் போவது என்பது எங்களுக்கு அமெரிக்கப் புத்தகத்தில் இருந்த பெற்றோல் மிச்சப்படுத்தும் விஷயம் அல்ல. தெல்தோட்டைப் பெண்களின் அம்மாமார்கூட ஆர்வமாகக் கேட்டார்கள். நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். சேர் கற்பித்த சொற்களையெல்லாம் ஒன்றுவிடாமல் போட்டோம். எல்லாம் ஆங்கிலத்தில்.

சேர் கேட்டிருந்த வரைபடத்தில் சோதனைச் சாவடிகளையும் போடுவது என் யோசனை. கண்டியைச் சுற்றி எல்லா வழியிலும் சோதனைச் சாவடி. எங்கே எவ்வளவு நேரம் போகும் என்று தெரியாமல் வாகனத்தை எத்தனை மணிக்கு எடுப்பது? ஒரு பெரிய தாளில் நகரத்தை வரைந்தேன். மகாவலி ஆறு, பாலம், பேராதனைப் பாதை, புசல்லாவைப் பக்கம், தெல்தோட்டைப் பக்கம். சாவடிகளுக்குச் சிவப்பு முக்கோணம். பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு: 'பத்து நிமிடம்', 'எல்லோரையும் இறக்குவார்கள்', 'மத்தியானம் ஒருவர் மட்டும்'. மேலே கொட்டை எழுத்தில் 'பிளான்'. அழகாகத்தான் இருந்தது.

குகன் அதை முழுக்கப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ரீட்டா, உது தேவையே?"

"சேர் மேப் கேட்டாரே. மார்க்ஸ் இருக்கு."

"எனக்கெண்டால் பயமாக் கிடக்கு."

"உங்களுக்கு எதுக்குத்தான் பயமில்ல?" என்றேன்.

இப்போது எழுதும்போதும் கூசுகிறது. அன்று நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

4

ஒரு புதன்கிழமை காலை பரீட்சார்த்த ஓட்டம். ரிஸ்வி ஓட்டினான். நான் முன்னால். குகன் பின்னால் பாண் தட்டில், எங்கள் திட்டக் கோப்பு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு. என் கைப்பையில் கோப்பு அடங்கவில்லை, அவனுடைய பை பெரியது. வேறு காரணமில்லை.

பாலத்தைத் தாண்டியதும் நிறுத்தினார்கள். இளம் சிப்பாய் ஒருவர் மூன்று அடையாள அட்டைகளையும் பார்த்தார். என்னுடையதைத் திருப்பித் தந்தார். ரிஸ்வியினுடையதையும் தந்தார். யாழ்ப்பாண முகவரி போட்டிருந்த குகனுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பையைத் திறக்கச் சொன்னார். கோப்பு வந்தது. கோப்பிலிருந்து என் வரைபடம் வந்தது. அவர் அதை வேனின் பக்கத்தில் விரித்துப் பிடித்து விரலால் ஆற்றைத் தொட்டார். பாலத்துக்கு வந்தார். பாலத்தின் முடிவில் ஒரு சிவப்பு முக்கோணம். அவர் நின்றிருந்த இடம். தன்னையே அந்தத் தாளில் கண்டதும் அவர் முகத்தில் வந்த மாற்றத்தை நான் மறக்கவில்லை. எங்களைவிட அதிகமாகப் பயந்தது அவர்தான்.

நகரத்தில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ரிஸ்வியின் வாப்பாவுக்கு அரை மணி நேரத்தில் செய்தி போய்விட்டது. அவர் வந்து தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பேசி மகனையும் வேனையும் மீட்டார். நானும் குகனும் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நின்றோம். உட்காரக் கதிரை தரவில்லை. இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடி, தடிமன் பிடித்திருந்தது. குகனுக்குச் சிங்களம் வராது. அதனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

கோப்பைப் புரட்டினார்.

"டார்கெட் யூசர்ஸ் என்று இருக்கிறது. டார்கெட் யார்?"

"கல்லூரி மாணவர்கள், சேர்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் எப்படிக் கேட்கிறது என்று எனக்கே விளங்கியது.

"லோன்ச் டேட் என்று இருக்கிறது. என்ன லோன்ச் செய்யப்போகிறீர்கள்?"

"வெப்சைட், சேர்."

"எங்கே இருக்கிறது அது?"

"எங்கேயும் இல்லை, சேர்."

"தினமும் ஐம்பது ஹிட்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரை அடிக்கப்போகிறீர்கள்?"

இணையத்தளத்தை ஆட்கள் பார்ப்பதற்குப் பெயர் ஹிட்ஸ் என்று விளக்கினேன். தும்மினார். நம்பவில்லை. பிறகு வரைபடத்தை மேசையில் விரித்து, அமைதியாக, "இதை வரைந்தது யார் என்று அவனைக் கேள்" என்றார்.

நான் குகன் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்: "மேப்ப வரஞ்சது யாருன்னு கேக்குறார்."

வரைந்தவள், வரையாதவனைப் பார்த்துக் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் பார்த்தான்.

"எல்லாரும் சேர்ந்து செய்ததெண்டு சொல்லும்," என்றான்.

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை.

அப்போதுதான் அப்பா வந்தார். ஒரு பழைய சூட்கேஸில் எங்கள் குடும்பத்தின் எல்லாப் பத்திரங்களும் இருந்தன. பிறப்பு, திருமணம், ஞானஸ்நானம், தாத்தாவின் பிரஜாவுரிமை. இன்ஸ்பெக்டர் கேட்காமலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நல்ல சிங்களத்தில் பேசினார். இன்ஸ்பெக்டர் என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, "இது எங்கள் ஊர்ப் பிள்ளை. இனிமேல் யாரோடு சேருகிறாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்பா மூன்று தடவை நன்றி சொன்னார். என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். குகன் உள்ளே நின்றான்.

5

வீட்டுக்கு வந்து அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அந்த மேப்ப நான்தான் வரஞ்சேன்."

அவர் கோப்பையை வைத்தார். எழுந்து போய் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"குகனுக்கு. ரிஸ்விக்கு."

"அவன் சொல்லலியா?"

"இல்ல."

"அப்ப நீயும் வாயத் தொறக்காத." பிறகு, "வாயத் தொறக்காம இருந்துதான் நம்ம உசுரோட இருக்கோம், ரீட்டா" என்றார்.

அடுத்த நாள் காலையில் முகம் கழுவி வந்தபோது அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, சூட்கேஸோடு வாசலில் நின்றார். கந்தோருக்கு லீவு சொல்லியாகிவிட்டது.

"வா. போயிட்டு வந்துருவோம்," என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

போகும் வழியில் சில்வா சேரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் ஐந்து நிமிடம் யோசித்தார். பிறகு அந்த அமெரிக்கப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டருக்குத் தடிமன் இன்னும் போகவில்லை. நான் சொன்னேன்: "சேர், வரைபடத்தை நான் வரைந்தேன். அவனுக்குக் கண்டிப் பாதைகளே தெரியாது."

"பெண் பிள்ளை இப்படி வரைவாளா? அவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய்."

"இல்லை, சேர்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். இந்த முறை கதிரையும் வந்தது.

"அப்படியென்றால் மறுபடி வரை."

வரைந்தேன். அவசரத்தில் மகாவலி கொஞ்சம் அதிகமாக வளைந்தது. பாலம், நகரம், பேராதனை. சாவடிகளுக்கு முக்கோணம் போடத் தொடங்கியதும் இன்ஸ்பெக்டர் எழுந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு அவரால் முடியவில்லை.

"அங்கே இப்போது இல்லை. போன வாரம் எடுத்துவிட்டோம்."

வெட்டினேன்.

"அந்தச் சந்தி இவ்வளவு கிட்டவா இருக்கிறது? தள்ளிப் போடு."

அப்பா மறுபக்கத்திலிருந்து குனிந்தார். முப்பது வருடத் தபால் கந்தோர்ப் புத்தி. "உப தபால் கந்தோர் பாதைக்கு இடப்பக்கம், மாத்தயா. இவ வலப்பக்கம் போட்டுருக்கா," என்று இரண்டு மொழியையும் கலந்து சொன்னார். இன்ஸ்பெக்டர் ஆமோதித்தார். ஒரு கான்ஸ்டபிளும் வந்து, தெல்தோட்டைப் பக்கத்து வளைவைத் திருத்திவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில், கண்டி மாவட்டத்தின் மிகத் திருத்தமான இராணுவ வரைபடத்தைப் பொலிஸ் நிலையத்திலேயே, பொலிஸ் பேனாவால், பொலிஸ் உதவியோடு நான் வரைந்து முடித்திருந்தேன்.

சில்வா சேர் புத்தகத்தின் முந்நூற்றுச் சொச்சப் பக்கத்தைத் திறந்து 'டார்கெட்', 'லோன்ச்', 'ஹிட்ஸ்' மூன்றையும் விரல் வைத்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் வாசித்தார். அமெரிக்கர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

குகனை அன்றைக்கே விட்டிருப்பார்கள் என்று நிஷா எதிர்பார்த்தாள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அறிக்கை மேலே போய்விட்டது, மேலேயிருந்து பதில் வரவேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். என்னைக் கைது செய்யவில்லை. அவன்மேல்தான் சந்தேகம் என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டதாம். அதை மாற்றினால் அவர் இன்னொரு படிவம் நிரப்ப வேண்டும்.

ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் ரிஸ்வியின் வாப்பா பாண் கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு நாளும் நானும் அப்பாவும் போய் நீள மர வாங்கில் உட்கார்ந்தோம். வாயைத் திறக்காதே என்ற மனிதர், தன் வருடாந்த லீவில் ஒன்பது நாளைப் பொலிஸ் நிலைய வாங்குக்குக் கொடுத்தார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பத்தாம் நாள் குகன் வெளியே வந்தான். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தான். விரல்கள் வீங்கியிருந்தன. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பாண் நல்லா இருந்தது," என்றான்.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். பாதி வழியில் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்று வையுங்கள்.

"நீர் ரெண்டாம் நாள் வந்தனீர்தானே," என்றான். "கன பேர் வரவே மாட்டினம்."

6

திட்டத்தை வரைபடம் இல்லாமல் ஒப்படைத்தோம். குகனால் பேனா பிடிக்க முடியாததால் அவனுடைய பகுதியையும் நானே எழுதினேன். சில்வா சேர் வகுப்பிலேயே அதிகப் புள்ளி போட்டார். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'மிக நன்று. வரைபடம் இல்லாதது ஒரு குறை.' அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

பிறகு சமாதானப் பேச்சு வந்தது, யாழ்ப்பாணப் பாதை திறந்தது. குகன் ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, போன வேகத்தில் கண்டிக்குத் திரும்பினான். இப்போது புசல்லாவைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி கற்பிக்கிறான். தொலைபேசியில் 'வாங்க, போங்க' என்று எங்கள் தமிழ் பேசுகிறான். எப்போதாவது களைத்துப்போனால்தான் யாழ்ப்பாணத்து 'ஓம்' எட்டிப் பார்க்கும். ரிஸ்வியிடம் இப்போது மூன்று வேன். 'எங்கள் ஊர்ப் பிள்ளை' என்று இன்ஸ்பெக்டரிடம் சான்றிதழ் வாங்கிய நான் கல்யாணம் கட்டி மெல்பேர்னுக்கு வந்து, குப்பைத் தொட்டிக்குப் படிவம் நிரப்புகிறேன்.

நிஷா முழுவதையும் கேட்டாள். வரைபடம் வரைந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். விரல்களைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது. பிறகு கேட்டாள், நிறுத்தி நிறுத்தி, ஆனால் தமிழில்தான்:

"ஏன் நீங்க மொத நாளே சொல்லல?"

பயம் என்றேன். உன் தாத்தா வந்துவிட்டார் என்றேன். அந்தக் காலம் உனக்கு விளங்காது என்றேன். அவள் எதற்கும் தலையாட்டவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய விட்டுருவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு," என்றேன். "அதான்."

இருபத்தைந்து வருடத்தில் அதை நான் உரத்துச் சொன்னது அதுவே முதல் தடவை.

"நான் சொல்லியிருப்பேன்," என்றாள் நிஷா. திமிராகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோல, தெரிந்த ஒன்றைச் சொன்னாள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

சொல்லியிருப்பாள்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதலில் பெருமையாக இருந்தது. காலைக் கோப்பைகளைக் கழுவி முடிப்பதற்குள், எந்தக் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்திராத அவள்மேல் சொல்ல முடியாத கோபம் வந்துவிட்டது.